நாலு மீட்டருக்குள் ஒரு செடான்: புது டிசையரை வைத்து நடக்கும் சண்டை

மாருதியின் புது டிசையர் காரின் முகம் எப்படி இருக்கிறது என்று கிருஷ்ணகிரியில் கார் பைத்தியம் பிடித்த யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வருகிறது. ஒரு கட்சி "ஆடி கார் மாதிரி இருக்கு" என்று புகழ்கிறது. இன்னொரு கட்சியும் "ஆடி கார் மாதிரி இருக்கு" என்றுதான் சொல்கிறது, ஆனால் திட்டாக. 2024 நவம்பர் 11-ம் தேதி 6.79 லட்சம் ஆரம்ப விலையில் வண்டி அறிமுகமானதிலிருந்து இதே கூத்துதான். அது ஆறுவதற்குள் டிசம்பர் 4-ம் தேதி ஹோண்டா அதற்குப் போட்டியான புது அமேஸை இறக்கிவிட்டது, சண்டைக்கு இன்னும் கொஞ்சம் பெட்ரோல்.

எங்கள் கூட்டம் கூடுவது ராயக்கோட்டை ரோடு பக்கம் இருக்கும் ஒரு டிங்கரிங் பட்டறையில். ஞாயிற்றுக்கிழமை அங்கே வேலை பாதி, பேச்சு பாதி. ஓசூரில் உதிரி பாகக் கம்பெனியில் வேலை செய்யும் தம்பி ஒருவன் வருவான், உலகத்தில் எந்த கார் எப்போது வந்தது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். டிராவல்ஸ் வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், பெங்களூர் ஏர்போர்ட் டிரிப் அடித்துவிட்டு அப்படியே வந்து உட்காருவார். பட்டறைக்காரர் இருக்கவே இருக்கிறார். அப்புறம் எங்கள் மாமா, காவேரிப்பட்டணத்தில் மாந்தோப்பு வைத்திருப்பவர். கார் வாங்கப்போவது அவர் ஒருவர்தான், ஆனால் இந்தக் கூட்டத்தில் அவர் பேச்சுக்குத்தான் மதிப்பே கிடையாது.

தம்பியின் கட்சி முகக் கட்சி. கிரில் பெரிசு, படுக்கைக் கோடுகள், ஒல்லியான எல்.இ.டி. ஹெட்லைட், மாருதியின் சின்ன கார் ஸ்விஃப்டின் சாயல் துளிகூட இல்லை, இதுதான் ஸ்டைல் என்கிறான். இதில் நியாயம் உண்டு. 2008-ல் முதல் டிசையர் வந்தபோது அதன் பெயரே ஸ்விஃப்ட் டிசையர்தான், முன்னாலிருந்து பார்த்தால் எது எது என்று தெரியாது. இப்போது ரெண்டையும் அடுத்தடுத்து நிறுத்தினால் சொந்தக்காரர்கள் என்றே சொல்ல முடியாது. டிராவல்ஸ் அண்ணனுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. "அடுத்தவன் மூஞ்சிய ஒட்டிக்கிட்டு வந்தா அது ஸ்டைலா? பழசு பாரு, அதுக்குன்னு ஒரு மூஞ்சி இருந்துச்சு" என்றார். அவரிடம் இருப்பதும் பழசுதான், அதையும் சொல்லிவிட வேண்டும்.

நான் ரெண்டு கட்சியிலும் இல்லை. செடானைப் பற்றிப் பேசும்போது முகத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்காது. முகம் பம்பரும் பிளாஸ்டிக்கும் விளக்கும்தான், மூன்று வருஷத்தில் ஃபேஸ்லிஃப்ட் என்று மாற்றிவிடுவார்கள். செடான் என்றால் பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டும், பத்தடி தள்ளி. பானட், நடுவில் ஆள் உட்காரும் இடம், பின்னால் டிக்கி, இந்த மூன்றுக்கும் இருக்கும் அளவுப் பொருத்தம்தான் அழகு. அந்தக் கால காண்டெஸா காரைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். 1998-ல் நம்ம நாட்டுக்கு வந்த முதல் ஹோண்டா சிட்டியைப் பாருங்கள், அதன் முகத்தில் விசேஷமாக ஒன்றுமே கிடையாது, ஆனாலும் இன்றைக்கு ரோட்டில் ஒன்று போனால் திரும்பிப் பார்க்கிறோம். தாழ்வாக, நீளமாக, மூன்று பாகமும் அதனதன் இடத்தில்.

டிசையருக்கு அந்தப் பொருத்தம் ஏன் வருவதில்லை என்றால், காரணம் டிசைனர் இல்லை, வரி. 2006 பட்ஜெட்டில் ப.சிதம்பரம் சின்ன கார்களுக்கு உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார். சின்ன கார் என்பதற்கு அளவு, நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் என்றால் எஞ்சின் 1200 சிசிக்குள், டீசல் என்றால் 1500 சிசிக்குள். அது ஜிஎஸ்டியிலும் தொடர்கிறது. புது டிசையர் வந்த 2024-ல் 4 மீட்டருக்குள் இருக்கும் சின்ன பெட்ரோல் காருக்கு 28 சதவீதமும் செஸ் என்ற கூடுதல் வரி 1 சதவீதமும், ஆக 29. அளவு தாண்டிவிட்டால், எஞ்சின் 1500 சிசிக்குள்ளேயே இருந்தாலும் 45 என்று இருந்தது. இப்படி ஒரு வரி வித்தியாசத்துக்காக எந்தக் கம்பெனியும் எதை வேண்டுமானாலும் வெட்டும், வெட்டவும் செய்தார்கள். 2008-ல் டாடா இண்டிகோவின் வாலை வெட்டி இண்டிகோ சிஎஸ் என்று விட்டது. முதல் டிசையரின் நீளம் 4160 மில்லிமீட்டர், டிக்கி 440 லிட்டர். 2012-ல் வந்த இரண்டாம் டிசையர் 3995, டிக்கி 316. பின் கண்ணாடி முடிந்த கையோடு வண்டியும் முடிந்துவிடும். வீட்டுக்குப் பின்னால் இடம் இல்லாமல் இறக்கிய சாய்ப்பு மாதிரி இருந்தது அந்த டிக்கி. ஆனாலும் விற்றுத் தள்ளியது, அது வேறு கதை.

இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்த உதாரணம் வோக்ஸ்வேகன் ஏமியோ. போலோ என்ற சின்ன காருக்கு டிக்கி வைத்து 2016-ல் கொண்டுவந்தார்கள். எப்படியும் நாலு மீட்டருக்குள் அடங்கவில்லை, கடைசியில் முன் பம்பரையும் கொஞ்சம் உள்ளே தள்ளி 3995-ல் முடித்தார்கள். ஜெர்மன்காரர்கள் நம்ம ஊர் வரிக்கோட்டுக்கு முன்னால் மூக்கை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். அந்த கார் நாலு வருஷம்கூட நிற்கவில்லை.

கணக்கைப் போட்டுப் பார்த்தாலே விஷயம் தெரிந்துவிடும். புது டிசையர் நீளம் 3995, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 2450. மிச்சம் 1545 மில்லிமீட்டர். இதற்குள்தான் முன்னால் ரேடியேட்டர், மோதினால் நசுங்குவதற்கான இடம், பின்னால் டிக்கி எல்லாம். ஹூண்டாய் வெர்னாவில் நீளம் 4535, சக்கர இடைவெளி 2670, மிச்சம் 1865. ஒரு அடிக்கு மேல் கூடுதல். உயரத்திலும் அப்படித்தான், டிசையர் 1525, வெர்னா 1475. குட்டையான காரில் ஆள் நிமிர்ந்து உட்கார்ந்தால்தான் காலுக்கு இடம் கிடைக்கும், அதனால் கூரை மேலே போகிறது, கூரை மேலே போனால் நீளம் இன்னும் குறைவாகத் தெரிகிறது. இதை எந்த கிரிலும் சரி செய்யாது.

இவ்வளவையும் நான் சொல்லி முடித்ததும் தம்பி, "அப்ப வெர்னாதான் உங்களுக்கு அழகா?" என்று மடக்கினான். வசமாக மாட்டிக்கொண்டேன், ஏனென்றால் 2023-ல் வந்த வெர்னா எனக்கு நேரெதிர் சிக்கல். பக்கவாட்டில் அருமையாக இருக்கிறது, கூரை சரிந்து டிக்கியில் போய் விழும் விதம் இந்த விலைக்கு வேறு யாரிடமும் இல்லை. ஆனால் முன்னால் பானட் விளிம்பில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே விளக்குப் பட்டை, ஹெட்லைட் தனியாகக் கீழே பம்பரில். ராத்திரியில் எதிரே வந்தால் என்ன வண்டி என்று ஒரு நொடி யோசிக்க வைக்கிறது.

இங்கேதான் பட்டறைக்காரர் வாயைத் திறந்தார், அதுவரை பழைய ஃபெண்டர் ஒன்றைத் தட்டிக்கொண்டிருந்தவர். அவர் அழகைப் பார்க்கும் விதமே வேறு. "அந்தப் பட்டை லைட்டு இருக்கே, ஊத்தங்கரை ரோட்டுல மாடு ஒண்ணு குறுக்க வந்துச்சுன்னா முடிஞ்சுது, மொத்தமா மாத்தணும். முன்ன எல்லாம் எந்தப் பக்கம் அடிபட்டுச்சோ அந்தப் பக்கம் ஒரு லைட்டு வாங்கி மாட்டுவோம்." கதவில் குறுக்கே ஓடும் கூர்மையான மடிப்புகளைப் பற்றியும் அவருக்குப் பெரிய புகார் உண்டு. தட்டையான கதவில் நசுங்கல் என்றால் இழுத்து, பட்டி போட்டு, தேய்த்து, பெயிண்ட் அடித்தால் தெரியாது. மடிப்பின் மேலேயே நசுங்கினால் அந்தக் கோட்டை நேராகத் திரும்பக் கொண்டுவருவது லேசில்லை, ஒரு இம்மி வளைந்தாலும் வெயிலில் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். இன்ஷூரன்ஸ்காரர் கதவையே மாற்றச் சொன்னால் தப்பித்தோம்.

இன்னொன்றும் சொன்னார், இது நம் ஊருக்கென்றே ஆன விஷயம். இப்போது எல்லா காரிலும் கிரிலைச் சுற்றி, கதவுத் தூணில், உள்ளே டாஷ்போர்டில் என்று பளபளக்கும் கறுப்பு பிளாஸ்டிக் வைக்கிறார்கள். ஷோரூமில் கண்ணாடி மாதிரி இருக்கும். நம்ம பக்கம் கிரானைட் வெட்டும் ஊர், லாரிக்குப் பின்னால் கொஞ்ச தூரம் போனாலே வண்டி மேல் தூள் படிந்துவிடும். அதைக் காய்ந்த துணியால் ஒரு துடை துடைத்தால் போதும், பளபளப்பு முழுக்க வட்டவட்டமாகக் கீறல். புது டிசையரின் கிரிலைப் பற்றி ஆடியா இல்லையா என்று தம்பி கவலைப்படுகிறான், ஒரு வருஷம் கழித்து அது எப்படி இருக்கும் என்பது இவருடைய கவலை. எனக்கு இவர் பக்கம்தான் சரியாகப் படுகிறது.

புது அமேஸ் மேல் எல்லோருக்கும் ஒரே புகார், புதுசாக ஒன்றும் இல்லை என்று. முன்னால் ஹோண்டாவின் இன்னொரு காரான எலிவேட், பின்னால் சிட்டியின் டெயில் லைட். தம்பி "வெட்டி ஒட்டிட்டாங்க" என்றான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சிட்டியின் விளக்கை வைத்ததால் பின்பக்கம் அகலமாகத் தெரிகிறது, குட்டை வண்டிக்கு அகலம் காட்டுவதுதான் ஒரே வழி. டிசையரும் அதைத்தான் செய்திருக்கிறது, ரெண்டு டெயில் லைட்டையும் இணைத்து குறுக்கே ஒரு பட்டை ஓடுகிறது, டிக்கி மூடியின் விளிம்பைச் சின்னதாகத் தூக்கி விட்டிருக்கிறார்கள். 2012 வண்டியோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ தேவலாம். என்னைக் கேட்டால் புது டிசையரில் பேச வேண்டிய பக்கம் பின்பக்கம்தான். இருக்கிற அரை முழத்தில் ஒரு டிக்கியை ஒட்டு தெரியாமல் முடித்திருக்கிறார்கள், அதை யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை.

பிடிக்காதவர்களுக்கு ஒரு விஷயம். 2001-ல் பிஎம்டபிள்யூவின் புது 7 சீரிஸ் வந்தபோது அதன் டிக்கி மூடி தனியாகத் தூக்கி வைத்தது போல இருக்கிறது என்று உலகம் முழுக்கச் சிரித்தார்கள், அப்போதைய டிசைன் தலைவர் கிறிஸ் பேங்கிளை வேலையை விட்டு அனுப்பச் சொல்லி இணையத்தில் கையெழுத்து வேட்டையே நடந்தது. வண்டி நன்றாகத்தான் விற்றது. அப்புறம் பல கம்பெனிகள் அதே மாதிரி டிக்கி மூடியோடு வந்தன, அப்போது யாரும் சிரிக்கவில்லை. கண் பழகிவிடுகிறது. டாடா டிகோர் 2017-ல் சரிந்த பின்பக்கத்தோடு வந்தபோது நானே முகம் சுளித்தேன், இப்போது பார்த்தால் அந்த வகையில் அதுதான் தைரியமான முயற்சியாகத் தெரிகிறது.

இதற்கு நடுவில் மாமா ரெண்டு முறை ஏதோ சொல்ல வந்தார், யாரும் விடவில்லை. கடைசியில் கேட்டார்: "டிக்கியில மாங்கா கிரேட் எத்தன புடிக்கும்?" எல்லோரும் சிரித்தார்கள், ஆனால் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. சீசனில் பெங்களூரில் இருக்கும் சொந்தக்காரர்கள் வீட்டுக்கெல்லாம் அவர்தான் செந்தூராவும் அல்போன்சாவும் கொண்டுபோவார். டிசையர் டிக்கி 382 லிட்டர், அமேஸ் 416 என்று தம்பி போனைப் பார்க்காமலே சொன்னான். லிட்டரில் மாங்காய் போகுமா? வாய் அகலம்தான் முக்கியம். பின் கண்ணாடி சரிந்து கீழே வரவர டிக்கி மூடி குறுகிப்போகும், உள்ளே இடம் இருந்தாலும் கிரேட்டைச் சாய்த்துத்தான் நுழைக்க வேண்டும். ஸ்டைலுக்குக் கொடுக்கும் விலை அங்கேதான் இருக்கிறது. மாமா டேப் எடுத்துக்கொண்டு ஷோரூமுக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறார், போவார், எனக்குத் தெரியும்.

டிசையர்தான் என்று பாதி முடிவு செய்துவிட்டார். குளோபல் என்கேப் என்ற மோதல் பாதுகாப்புச் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய முதல் மாருதி என்பது அவருக்கு முகத்தைவிடப் பெரிசு. சன்ரூஃப் வேண்டுமா என்பதில் அவருக்கும் அக்கா பையனுக்கும் பேச்சுவார்த்தை நடக்கிறது. மாமா, "கூரைய ஓட்ட போட்டு ஊர் வெயில உள்ள விடறதுக்கு எதுக்குடா காசு" என்கிறார்.

இன்னும் ஓயாதது கலர் சண்டை. அக்காவுக்கு வெள்ளைதான் வேண்டும், வெயிலுக்கு நல்லது, தூசி தெரியாது. மாமா வெள்ளை வேண்டவே வேண்டாம் என்கிறார், கிருஷ்ணகிரி டோல்கேட்டில் நிற்கும் வெள்ளை டிசையரில் பாதி மஞ்சள் போர்டு, கல்யாண வீட்டு வாசலில் நிறுத்தினால் "டிரைவர் சாப்பிட்டாச்சா" என்று கேட்பார்களாம். டிராவல்ஸ் அண்ணன் அதைக் கேட்டுக் கோபித்துக்கொண்டார். டாக்ஸிக்கு விற்கும் டூர் எஸ் வண்டி அப்போது பழைய வடிவத்தில்தான் இருந்தது, அதனால் புது முகத்தை யாரும் டாக்ஸி என்று நினைக்க மாட்டார்கள் என்று தம்பி சமாதானம் சொன்னான். எத்தனை நாளைக்கு? 2025-ல் அந்த முகமும் டூர் எஸ்ஸாகி மஞ்சள் போர்டு மாட்டிக்கொண்டு வந்துவிட்டது. மாமா, நீங்கள் நீலம் எடுங்கள். அக்காவிடம் நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.