ஒரு ராத்திரி ரசீதும் 23 நாளும்

அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் ஒரே ஒரு ராத்திரி தங்கினால் போதும், டிரைவிங் லைசென்ஸ் வாங்கி அந்த மாநிலத்துக்காரர் ஆகிவிடலாம் என்று ஆர்.வி.யில், அதாவது உள்ளேயே குடியிருக்கும் வசதியுள்ள வண்டியில், சுற்றுகிறவர்கள் எல்லோரும் சொல்வார்கள். அது பொய்யில்லை. விதி அப்படித்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு அந்த வேலை முடிய 23 நாள் ஆனது. இவருக்கு, அதாவது என் கணவருக்கு, நான்கே நாளில் முடிந்துவிட்டது. இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் எழுதுகிறேன். அப்பா பெயரை இனிஷியலாகப் போட்டு வளர்ந்தவர்கள், அதிலும் பெண்கள், வண்டியைக் கிளப்பும் முன் இதைப் படித்துவிட்டால் நல்லது.

24 வருடம் நியூ ஜெர்சியில் இருந்தோம். மகள் வேலைக்குப் போன பிறகு, 2024 வசந்தத்தில் வீட்டை விற்றுவிட்டு 28 அடி மோட்டார்ஹோமிலேயே குடியேறினோம். வீடு இல்லையென்றால் முகவரி இல்லை. முகவரி இல்லையென்றால் லைசென்ஸ், வண்டிப் பதிவு, இன்சூரன்ஸ், வரி எதுவும் நகராது. முழுநேரமாகச் சுற்றுகிறவர்கள் பெரும்பாலும் டெக்சஸ், ஃப்ளோரிடா, தெற்கு டகோட்டா மூன்றில் ஒன்றைத்தான் பிடிப்பார்கள். மூன்றிலுமே மாநில வருமான வரி கிடையாது. 65 வயதுக்கு முன்பே சொந்தமாக ஹெல்த் இன்சூரன்ஸ் வாங்க வேண்டியவர்கள் ஃப்ளோரிடாவைப் பார்ப்பார்கள். வெளிமாநிலத்திலும் செல்லுபடியாகும் பாலிசி அங்கே கிடைக்கிறது. எங்களுக்கு இவருடைய அலுவலக இன்சூரன்ஸ் இருந்ததால் அந்தக் கவலை இல்லை. வண்டிக்கு வருடாந்திரச் சோதனை இல்லாததும் பதிவுக் கட்டணம் குறைவாக இருந்ததும் எங்களைத் தெற்கு டகோட்டா பக்கம் திருப்பின.

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் முதலில் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: அந்த மாநிலத்தில் இருப்பவருக்குச் சம்பளம் கொடுக்க உங்கள் நிறுவனம் அங்கே பதிவு செய்திருக்கிறதா? இவருடைய நிறுவனம் செய்திருக்கவில்லை. எச்.ஆர். அதைச் செய்து முடிக்க ஆறு வாரம் எடுத்தது. நாங்கள் பிப்ரவரியிலேயே கேட்டதால் தப்பித்தோம். வீட்டை விற்கும்போதும் நாங்கள் இன்னும் நியூ ஜெர்சிக்காரர்களாகவே இருந்தோம். அதனால் கிரயத்தின்போது அந்த மாநிலத்தில் வசிப்பவர்கள்தான் என்று உறுதி சொல்லும் ஜிஐடி/ஆர்இபி-3 படிவத்தில் கையெழுத்துப் போட்டால் போதுமாக இருந்தது. மாநிலம் மாறிய பிறகு விற்றிருந்தால், விற்ற தொகையில் குறைந்தது 2 சதவீதத்தை முன்வரியாக அங்கேயே கட்ட வேண்டியிருக்கும். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

தபால் பெட்டி எடுத்தது சுலபம். ஒரு முகவரி கொடுத்து, நமக்கு வரும் தபாலை வாங்கி வைக்கும் நிறுவனங்களில் ஒன்றில் சேர்ந்தோம். நம் தபாலை இன்னொருவர் வாங்க அனுமதிக்கும், தபால் துறையின் 1583-ஆம் எண் படிவத்தை நோட்டரி முன் கையெழுத்திட்டு அனுப்பினோம். ஒரு வாரத்தில் எங்களுக்குத் தெற்கு டகோட்டாவில் ஒரு முகவரி வந்துவிட்டது.

ஜூலை இரண்டாவது வாரம் மாநிலத்தின் மேற்குப் பக்கம், பிளாக் ஹில்ஸ் மலைகளுக்கு அருகில், வாடகை கொடுத்து வண்டியோடு தங்கும் ஒரு கேம்ப்கிரவுண்டில் தங்கினோம். மறுநாள் காலை ரசீதை எடுத்துக்கொண்டு லைசென்ஸ் அலுவலகம் போனோம். ஊர்ப் பெயர் வேண்டாம். எங்களுக்கு முன்னால் இரண்டு பேர்தான். கவுண்டரில் இருந்தவர் ரசீதை எடுத்தார், பார்த்தார், திருப்பிக் கொடுத்தார். அதில் இவர் பெயர் மட்டும்தான் இருந்தது. முகவரியாக நியூ ஜெர்சி வீடு அச்சாகியிருந்தது, மூன்று மாதம் முன்பு இணையத்தில் இடம் பதிவு செய்தபோது கொடுத்தது. "உங்கள் இருவர் பெயரும் வேண்டும், இங்கே உள்ள முகவரி வேண்டும்" என்றார். அவ்வளவுதான். மற்ற காகிதங்களை அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

போக வர 90 மைல். கேம்ப்கிரவுண்ட் அலுவலகத்தில் இருந்த பெண்மணிக்கு இது பழக்கமான வேலை. கேட்டவுடன் இரண்டு பெயரும் புது முகவரியும் போட்டு அச்சடித்துக் கொடுத்தார். "முழுநேரமா சுத்தறவங்கன்னு முதல்லயே சொல்லியிருந்தா அப்படியே போட்டுருப்பேனே" என்றும் சொன்னார். அதனால் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள்: வயது வந்த ஒவ்வொருவர் பெயரும் ரசீதில் வர வேண்டும், தபால் பெட்டி முகவரி வர வேண்டும். ரசீது ஒரு வருடத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். அரசு நிலத்தில் இலவசமாகத் தங்கினால் ரசீது கிடைக்காது, அந்த ராத்திரி கணக்கில் வராது.

நான்காம் நாள் திரும்பப் போனோம். அதே கவுண்டர், அதே மனிதர். இவருக்கு எல்லாம் சரி: அமெரிக்க பாஸ்போர்ட், சோசியல் செக்யூரிட்டி அட்டை, தபால் பெட்டி ரசீது, தங்கிய ரசீது, குடியிருப்பு உறுதிமொழிப் பத்திரம். கண் பரிசோதனை, போட்டோ, 28 டாலர். கால் மணி நேரத்தில் எழுந்துவிட்டார்.

அடுத்து நான். என் பாஸ்போர்ட்டையும் சோசியல் செக்யூரிட்டி அட்டையையும் அவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் கடைசிப் பெயர் வேறு.

இது எப்படி வந்தது என்றால், பள்ளிச் சான்றிதழில் எனக்கு ஒரு எழுத்து இனிஷியல், அவ்வளவுதான். இந்தியப் பாஸ்போர்ட் எடுத்தபோது அந்த எழுத்தை விரித்து அப்பா பெயரைக் கடைசிப் பெயராகப் போட்டார்கள். அமெரிக்கா வந்ததும் சோசியல் செக்யூரிட்டி அட்டை அதே பெயரில் வந்தது. 2017-ல் குடியுரிமை வாங்கும்போது கணவர் பெயரைக் கடைசிப் பெயராக மாற்றிக்கொண்டேன், பாஸ்போர்ட்டும் அப்படியே வந்தது. சோசியல் செக்யூரிட்டி அலுவலகத்துக்குப் போய் மாற்றியிருக்க வேண்டும், போகவில்லை. பழைய லைசென்ஸ் பழைய பெயரிலேயே தபாலில் புதுப்பித்து ஓடிக்கொண்டிருந்ததால் யாரும் கேட்கவும் இல்லை.

கல்யாணச் சான்றிதழ் கையில் இருந்தது. மன்னார்குடியில் 1996-ல் சார்பதிவாளர் அலுவலகத்தில் வாங்கியது. நீல மையில் கையால் எழுதி, ஓரத்தில் உருண்டை முத்திரை. அவர் அதை வாங்கி, எந்தப் பக்கம் மேலே என்று தெரியாமல் ஒருமுறை திருப்பினார். நான் கையை நீட்டி நேராக வைத்தேன். என் பெயர் எங்கே என்று கேட்டார், விரல் வைத்துக் காட்டினேன். முன்னால் ஓர் எழுத்து, பிறகு பெயர். அதற்கு உறுதி செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும் என்றார். மொழிபெயர்த்தாலும் அதில் கணவர் பெயர் என் கடைசிப் பெயராகிவிட்டது என்று எங்கும் இருக்காது. நம் ஊர்ச் சான்றிதழில் இன்னார் இன்னாரை மணந்தார் என்றுதான் இருக்கும். அட்டையைப் புதுப் பெயரில் மாற்றிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லி அடுத்தவரைக் கூப்பிட்டார்.

அவர் கேட்டது விதிப்படி சரிதான். ரியல் ஐடிக்கு, அதாவது மத்திய அரசின் விதிப்படி தரும் லைசென்ஸுக்கு, பெயர்கள் ஒன்றோடொன்று சேர வேண்டும். ஆனால் முதல் நாளே அந்தக் கோப்பைத் திறந்து பார்த்திருந்தால் இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம். மூன்று நாள் மிச்சமாகியிருக்கும். ஒரு குறையைக் கண்டதும் கோப்பை மூடிவிடுவது பல கவுண்டர்களில் வழக்கம். அதனால் அவர் மூடும்போது நீங்களே கேளுங்கள்: "மற்றதெல்லாம் சரியா, ஒருமுறை பார்த்துச் சொல்கிறீர்களா?" அன்று எனக்கு இது தோன்றவில்லை.

வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்ததும் அழுகை வந்துவிட்டது. ஒரே வண்டியில் அவர் தெற்கு டகோட்டாக்காரர், நான் நியூ ஜெர்சிக்காரி. அங்கே எனக்கு வீடும் இல்லை. "விடும்மா, ஒரு பேப்பர்தானே" என்றார் இவர். எனக்கு அது பேப்பராகத் தெரியவில்லை.

சோசியல் செக்யூரிட்டியில் பெயர் மாற்ற, புதுப் பெயர் உள்ள குடியுரிமைச் சான்றிதழை ஏற்றுக்கொள்வார்கள். அது நியூ ஜெர்சியில் மகள் வீட்டுப் பரணில் ஒரு பெட்டிக்குள் இருந்தது. போனில் வழி சொன்னேன். "அம்மா, இதுல மூணு ஃபைல் இருக்கு, எது?" என்று அவள் ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டி, கடைசியில் கிடைத்தது. மறுநாள் கூரியரில் அனுப்பினாள். இதுபோன்ற மூலச் சான்றிதழ்களை யார் வீட்டிலும் வைக்காதீர்கள். தீப்பிடிக்காத சிறு பெட்டி ஒன்று வாங்கி வண்டியிலேயே வையுங்கள். எட்டாம் நாள் மனு கொடுத்தேன். அங்கே இருபது நிமிடம்கூட ஆகவில்லை. புது அட்டை தபாலில் வரும், இரண்டு வாரம் வரை ஆகலாம் என்றார்கள்.

அதற்குள் இன்னொரு கவலை. ஆகஸ்ட் முதல் வாரம் ஸ்டர்ஜிஸ் என்ற சின்ன ஊரில் மோட்டார்சைக்கிள் திருவிழா தொடங்கும், லட்சக்கணக்கில் வருவார்கள். அந்த வட்டாரத்தில் கேம்ப்கிரவுண்ட் எதிலும் இடம் இருக்காது. இருந்தாலும் வாடகை தாங்காது. இந்தக் காரியத்துக்கு வருகிறவர்கள் ஆகஸ்ட் முதல் பாதியைத் தவிர்த்துவிடுங்கள். நாங்கள் கிழக்கே வால் என்ற ஊரைத் தாண்டி, பஃபலோ கேப் தேசியப் புல்வெளியில் போய் நின்றோம். அங்கே 14 நாள் வரை இலவசமாகத் தங்கலாம். முன் சக்கரத்திலிருந்து நாற்பதடியில் நிலம் அப்படியே அறுந்து விழும். கீழே பேட்லேண்ட்ஸ் என்ற அரிப்பு நிலம், வெளிர் சிவப்பும் சாம்பலும் மாறி மாறிப் பட்டை பட்டையாக. ராத்திரி காற்று அடித்தால் வண்டி தொட்டில் மாதிரி ஆடும். தண்ணீரைச் செம்பு செம்பாக எண்ணிச் செலவழித்தோம், அரிசி களைந்த தண்ணீரில் பாத்திரம் கழுவினோம். காலையில் காபி போடும்போது விளிம்பில் மலையாடுகள் வந்து நிற்கும். தினமும் தபால் நிறுவனத்தின் செயலியைத் திறந்து, வந்த உறைகளின் படத்தைப் பார்ப்பேன். பன்னிரண்டு நாள் அப்படி இருந்தோம்.

அந்த இடைவெளியில் வண்டிப் பதிவை முடித்தோம். இதற்கு லைசென்ஸ் அலுவலகம் போகக் கூடாது, கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) கருவூல அலுவலகம் போக வேண்டும். பலர் இங்கே ஒரு நாளை வீணாக்குகிறார்கள். தெற்கு டகோட்டாவில் வண்டி விலையில் 4 சதவீதம் வரி. வேறு மாநிலத்தில் ஏற்கெனவே கட்டியிருந்தால் அதைக் கழித்துக்கொள்வார்கள், ஆனால் கட்டியதற்கு அத்தாட்சி வேண்டும். 62,000 டாலருக்கு வாங்கியபோது நியூ ஜெர்சியில் 6.625 சதவீதம் கட்டியிருந்தோம். உரிமைப் பத்திரத்தில் அது இல்லை, விற்பனை ரசீதும் கையில் இல்லை. அத்தாட்சி இல்லையென்றால் 2,480 டாலர். கவுண்டரில் இருந்த பெண்மணி, "விற்றவருக்கு இப்பவே போன் பண்ணுங்க, எனக்கு மின்னஞ்சல்ல அனுப்பச் சொல்லுங்க, நான் இங்கயே அச்சடிச்சுக்கறேன்" என்றார். மதிய இடைவேளைக்கு எழ வேண்டியவர், பத்து நிமிடம் உட்கார்ந்தே இருந்தார். ரசீது வந்தது. வரி பூஜ்யம். அவருக்கு நான் நன்றி சொன்ன விதத்தில் வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வங்கி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. வங்கிகளுக்கு வசிக்கும் முகவரி வேண்டும், தபால் பெட்டி முகவரியை அவர்களுடைய கணினி கண்டுபிடித்துவிடும். எங்கள் பழைய வங்கி ஏற்கவில்லை. மகள் முகவரியைக் கொடுத்துவிடலாம் என்று கை துறுதுறுத்தது. அவள் இருப்பது நியூ ஜெர்சி. நாளை வரிக்காரர்கள் கேட்டால் நாமே அவர்களுக்குச் சாட்சி கொடுத்த மாதிரி ஆகிவிடும். கொடுக்கவில்லை. புது லைசென்ஸோடு உள்ளூர் வங்கிக் கிளைக்கு நேரில் போனதும் கணக்குத் திறந்துகொடுத்தார்கள்.

22-ஆம் நாள் சாயங்காலம் செயலியில் அந்த உறையின் படம் வந்தது. மறுநாள் தபால் நிறுவனத்தில் வாங்கிக்கொண்டு நேரே லைசென்ஸ் அலுவலகம். இந்தத் தடவை வேறொருவர். எல்லாக் காகிதங்களையும் மேசையில் பரப்பி ஒவ்வொன்றாகச் சரிபார்த்த பிறகுதான் பேசினார். உறுதிமொழிப் பத்திரத்தை என் பக்கம் தள்ளினார். வெளியே போயிருந்தாலும் திரும்பி வர நினைக்கும் மாநிலம் இதுதானா என்று அதில் ஒரு கேள்வி உண்டு. கோப்பைத் தயார் செய்த நாட்களில் அந்த வரி என்னை உறுத்தியது. திரும்பிப் போகிற ஊர் என்றால் மனசுக்கு மன்னார்குடிதானே. ஆனால் அந்த விளிம்பில் பன்னிரண்டு ராத்திரி தூங்கி எழுந்த பிறகு, ஆம் என்று எழுதக் கை தயங்கவில்லை. நீதிமன்றத்தில் ஜூரியாக உட்காரக் கூப்பிட்டால் வர வேண்டும் என்பதையும் சொன்னார், வருவேன் என்றேன். வாக்காளர் பதிவு மட்டும் அன்று செய்யவில்லை. 2023-ல் வந்த சட்டப்படி பதிவுக்கு முன் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும், எனக்கு இன்னும் ஏழு நாள் பாக்கி.

கடைசி வேலை, நியூ ஜெர்சி நம்பர் பிளேட். அதைத் திருப்பி ஒப்படைக்கும் முன் அந்த ஊர் இன்சூரன்ஸை ரத்து செய்துவிடாதீர்கள். புது பாலிசி எடுக்கும்போதும் வண்டியிலேயே குடியிருக்கிறோம் என்று சொல்லி முழுநேரப் பாலிசியாகவே எடுங்கள். விடுமுறைக்கு ஓட்டுகிற வண்டிக்கான பாலிசி நமக்கு உதவாது. பிளேட்டுகளைக் கழற்றி, சுயமுகவரி எழுதிய உறை ஒன்றையும் சேர்த்துத் தபாலில் அனுப்பினோம். மூன்று வாரம் கழித்து, நாங்கள் வயோமிங்கில் இருந்தபோது அந்த ரசீது வந்தது. தீப்பிடிக்காத பெட்டியில், என் புது அட்டைக்கு மேலே வைத்திருக்கிறேன்.