பறம்பு மலை ஏறினோம்

நகரத்தார் நாடான செட்டிநாட்டுக்கு எல்லை சொல்லும்போது எங்கள் ஐயா வடக்கே வெள்ளாறு, தெற்கே வைகை, கிழக்கே கடல், மேற்கே பிரான்மலை என்பார். அந்த மேற்கு எல்லையில் ஏறி நின்று சாமி கும்பிட வேண்டும் என்பது எனக்குப் பல நாள் வேண்டுதல். மார்கழி முடிந்து வெயில் ஏறுவதற்கு முன் அண்ணனும் நானும் கிளம்பினோம். காரைக்குடியிலிருந்து குன்றக்குடி வழியாகப் போய் பிள்ளையார்பட்டியில் ஒரு சிதறு தேங்காய் போட்டோம். அப்புறம் திருப்பத்தூர், சிங்கம்புணரி தாண்டினால் மலை எதிரே நிற்கிறது.

சம்பந்தர் பாடிய கொடுங்குன்றம் இதுதான். பாண்டி நாட்டுப் பாடல் பெற்ற தலங்கள் 14-ல் ஒன்று. குன்றக்குடி ஆதீனத்தின் நிர்வாகத்தில் உள்ள கோயில். மலையடிவாரத்திலிருந்து பாதாளம், பூமி, கைலாயம் என்று மூன்று அடுக்காக எழும்புகிறது. கீழே பாதாளத்தில் கொடுங்குன்றநாதரும் குயிலமுதநாயகியும். நடுவே பூமியில் விசுவநாதரும் விசாலாட்சியும். வடுக பைரவர் இருப்பதும் இங்கேதான். மேலே கைலாயத்தில், பாறையைக் குடைந்த கருவறைக்குள் மங்கைபாகரும் தேனம்மையும். அகத்தியருக்குக் கல்யாணக் கோலம் காட்டிய தலம் என்பது ஐதீகம். அந்தக் குடைவரைக்குள் தீபாராதனை காட்டியபோது அம்மையும் அப்பனும் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தார்கள். நான் வாய்விட்டுத்தான் கும்பிட்டேன். என்ன கேட்க வந்தேன் என்பதே நினைவில் இல்லை.

கைலாயம் வரைக்கும் வந்தாச்சே, போதும் என்று பலர் திரும்பிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் முடிந்தவர்கள் உச்சிக்கும் போக வேண்டும். சம்பந்தரின் பதிகத்தைப் படித்துப் பாருங்கள். மழைமேகத்தைக் கிழித்துக்கொண்டு பிறை வந்து சேரும் குளிர்ச்சாரல், மயில் ஆடும் சாரல், குயில் பாடும் சோலை என்று மலையைத்தான் முதலில் பாடுகிறார். அவருக்கும் பல நூற்றாண்டு முன்பே கபிலர் இதே மலையைப் பாடிவிட்டார். இது பாரியின் பறம்பு. உழவர் உழாமலே மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன் நான்கும் கிடைக்கும் மலை, வானத்து மீன்களைப் போல் சுனைகள் உள்ள மலை என்கிறது புறநானூறு. மூவேந்தரும் முற்றுகையிட்டும் கொள்ள முடியாத மலை. அப்படிப்பட்ட இடத்தை அடிவாரத்திலிருந்தே அண்ணாந்து பார்த்துவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

உயரம் சுமார் 2,500 அடி. பாதை ஆரம்பத்திலேயே செங்குத்தாக எழுகிறது. சில இடங்களில் கல் அடுக்கிய படி, சில இடங்களில் வெறும் பாறை. கையை ஊன்றித்தான் ஏற வேண்டும். முள்செடி சட்டையைப் பிடித்து இழுக்கும். கொஞ்ச தூரத்திலேயே மூச்சு வாங்கியது. அண்ணன் 'மங்கைபாகா' என்று சொல்ல, நான் 'தேனம்மா' என்று திருப்பிச் சொல்ல, அந்தத் தாளத்திலேயே கால் நகர்ந்தது. பாறைக் குழிகளில் மழைத் தண்ணீர் தேங்கி நின்றது. கபிலர் சொன்ன சுனைகள் இவையாகவும் இருக்கலாமே என்று குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். கீழே எங்கோ மயில் அகவியது.

எங்களுக்கு முன்னால் ஒரு முஸ்லிம் குடும்பம் ஏறிக்கொண்டிருந்தது. உச்சியில் தர்கா இருக்கிறது. குழந்தையைத் தோளில் வைத்திருந்த அந்த அத்தா, வழுக்குப் பாறை வந்தபோது திரும்பி, "தம்பி, இடது பக்கமா வாங்க, அங்க பிடிமானம் இருக்கு" என்றார். நாங்கள் கொண்டுபோன தண்ணீரை அவர்களும் குடித்தார்கள். மேலே போனதும் அவர்களோடு சேர்ந்து தர்காவில் நின்று கும்பிட்டோம். அங்கே எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

உச்சியில் காற்று ஆளைத் தள்ளுகிறது. கிழக்கே நம் சீமை முழுவதும் தட்டையாக விரிந்து கிடக்கிறது; கண்மாய்கள் அங்கங்கே வெயிலில் மின்னுகின்றன. மேற்கே நத்தம் பக்கத்து மலைகள் நீலமாக. வற்றாத ஆறு இல்லாத இந்த மண்ணில் ஊருக்கு ஊர் ஊருணி வெட்டி மழைநீரைத் தேக்கிப் பிழைத்தவர்கள் நம் முன்னோர். அத்தனை ஊர்களையும் ஒரே பார்வையில் பார்த்தபோது, எங்கள் வீட்டுக்கு மட்டும் என்று எதையும் வேண்டிக்கொள்ளத் தோன்றவில்லை. நல்ல மழை கொடு மங்கைபாகா என்று மட்டும் கேட்டேன்.

போக நினைப்பவர்கள் விடியலிலேயே வந்துவிடுங்கள். மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள். பாறையும் காலைச் சுடும். மேலே கடை எதுவும் கிடையாது, தண்ணீர் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள். மழை பெய்த மறுநாள் ஏற வேண்டாம். முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கு மூன்று அடுக்கு தரிசனமே போதும். மங்கைபாகர் சன்னதியில் அவர்களை உட்கார வைத்துவிட்டு இளவட்டங்கள் ஏறிவிட்டு வரலாம்.