ஜெராக்ஸ் மெஷின் படுத்த நாள்
வடசேரில காலைல பஸ் ஏறி, ரெண்டு பஸ் மாறி, ஒருவழியா யுனிவர்சிட்டி லைப்ரரிக்குப் போனா வாசல்லயே பேக்க வாங்கி வச்சிட்டாவ, நோட்டும் பேனாவும் மட்டும் உள்ள கொண்டுபோலாமாம். சரின்னு நேரா 894.811 ரேக்குக்குப் போனேன், லைப்ரரில புக்கு அடுக்குற ட்யூயி நம்பர் கணக்குல தமிழ் இலக்கியம் அங்கதான் கெடக்கும்.

வில்லுப்பாட்டு பத்தின பழைய ஆய்வேடு ஒண்ணு தேடிட்டு இருந்தேன், கெடச்சிட்டு! பூச்சி அரிச்ச ஓட்டை, ஓரத்துல எவனோ பென்சில்ல "இது எங்க ஊரு கொடையில்லா"ன்னு (கொடைன்னா கோயில் திருவிழா) எழுதி வச்சிருக்கான், எனக்கு சிரிப்பு தாங்கல. ஆனா ரெஃபரன்ஸ் புக்கு, வீட்டுக்குத் தரமாட்டாவ. ஜெராக்ஸ் மெஷினும் ரிப்பேர். 40 பக்கம் கையால எழுதணுமான்னு நிக்கும்போதுதான் கவுண்டர்ல இருந்த அக்கா, "மக்ளே, எதுக்கு இப்படி கெடந்து அலையுத? ஷோத்கங்கால பாத்தியா?"ன்னு கேட்டாவ.

ஷோத்கங்காங்கறது, காந்திநகர்ல இருக்க, யுனிவர்சிட்டி லைப்ரரிகள இணைக்கிற இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்துற சைட்டு. நாடு முழுக்க உள்ள யுனிவர்சிட்டிக அதுல ஏத்தின பிஎச்டி ஆய்வேடுகள பிடிஎஃப்பா ஃப்ரீயா எடுக்கலாம், லாகினும் வேண்டாம். தமிழ்ல தேடினா எனக்கு ஒண்ணும் வரல, இங்கிலீஷ் எழுத்துல ரெண்டு மூணு ஸ்பெல்லிங் மாத்தி மாத்தி அடிச்சப்பதான் வந்துச்சு (இது ஒரு பெரிய கொடுமை, யாரு இத சரி பண்ணப் போறா).

கவர்மெண்ட் காலேஜ் பிள்ளைகளுக்கு ஜர்னல் படிக்க 2025ல இருந்து "ஒரே நாடு ஒரே சந்தா"ங்கிற அரசு திட்டமும் இருக்கு, உங்க லைப்ரரில கேளுங்க.

வடசேரில எறங்கும்போது நல்ல மழை. டவுன்லோட் பண்ணதுல மூணாவது சேப்டர் மட்டும் ஓப்பன் ஆவமாட்டேங்குது, தெரிஞ்சவிய யாராவது சொல்லுங்க.