309 போகும் வாரம்

ஜூன் 24, 2024
அடுத்த திங்கள் முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு இல்லை. 1860ஆம் ஆண்டுச் சட்டம். சாகத் துணிந்து பிழைத்தவருக்கு ஓராண்டு வரை சிறை. அப்படிப்பட்டவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ளச் சொல்லி, 2017 மனநலச் சட்டத்தின் 115ஆம் பிரிவு அதன் பல்லை எப்போதோ பிடுங்கிவிட்டது. பயம் மட்டும் போகவில்லை. அவசரப் பிரிவுக்குள் முதலில் நுழைவது பொய்தான்: "தெரியாம குடிச்சிட்டாங்க டாக்டர்."

ஜூன் 25
அந்தப் பொய்யில் எது, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்ற மூன்றும் மறைந்துபோகின்றன, சிகிச்சை தடுமாறுகிறது. கேஸ் ஷீட்டில் 'விபத்து' என்று விழுந்துவிட்டால் மனநல மருத்துவருக்குச் சீட்டே போகாது. உடம்பு தேறியதும் டிஸ்சார்ஜ். திரும்பிப் போவது அதே வீட்டுக்கு.
கூட வந்தவர்களை வெளியே அனுப்பி, திரையை இழுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். நின்றபடி கேட்டால் அது விசாரணை.

ஜூன் 26
'தற்கொலை' என்ற சொல்லுக்குள்ளேயே கொலை உட்கார்ந்திருக்கிறது.

ஜூன் 28
ஒன்பது முறை. சென்னை, கொழும்பு உட்பட ஐந்து இடங்களில் உலக சுகாதார நிறுவனம் செய்து பார்த்தது இவ்வளவுதான்: வீட்டுக்கு அனுப்புமுன் ஒரு மணி நேரப் பேச்சு, பிறகு 1, 2, 4, 7, 11ஆம் வாரங்களிலும் 4, 6, 12, 18ஆம் மாதங்களிலும் போனிலோ நேரிலோ விசாரிப்பு. பதினெட்டு மாதத்தில் தற்கொலையால் இறந்தவர்கள் 0.2 சதவீதம். வழக்கமான சிகிச்சையோடு விடப்பட்டவர்களில் 2.2.
கெடுவது போன் நம்பரில். ரிஜிஸ்டரில் இருப்பது கூட வந்த அண்ணனுடையது. "நல்லா இருக்கா" என்று சொல்லி வைத்துவிடுவார். பிழைத்தவளுடைய நம்பர், அவள் நம்பும் ஒருவரின் நம்பர், தனியாகப் பேச முடிகிற நேரம்: மூன்றையும் அவளிடமே கேட்டு எழுத வேண்டும். எடுக்காவிட்டால் அன்று மாலையே மறுபடி.

ஜூன் 30
பழைய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு வரும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 226ஆம் பிரிவு மனதை அரிக்கிறது. அரசு ஊழியரைப் பணிய வைக்கவோ தடுக்கவோ உயிரை விட முயன்றால், புதிய சட்டத்திலும் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது சமூக சேவை. மனு கொடுத்துக் கொடுத்து ஓய்ந்து கலெக்டர் ஆபீஸ் வாசலில் உயிரை விடத் துணிகிறவர் இதில் சிக்கலாம். அவருக்கு மட்டும் மன அழுத்தம் இல்லையா? 115ஆம் பிரிவு பெயர் சொல்லிக் காப்பது 309இலிருந்துதான். 226 அதில் இல்லை. திருத்த வேண்டியது ஒரே ஒரு வரி.

ஜூலை 1
போயிற்று. போலீசுக்குப் போகும் எம்.எல்.சி. (சட்டம் சார்ந்த மருத்துவ வழக்கு) தகவல் சீட்டு மட்டும் அப்படியே.

ஜூலை 2
டிஸ்சார்ஜ் சீட்டின் தலையில், பேனாவால், பெரிதாக: 14416. டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண்; இரவும் பகலும், தமிழிலும் பேசலாம். மாத்திரை ஒரு வாரத்துக்கு மேல் கையில் கொடுக்கக் கூடாது. முதல் வார அழைப்புத் தேதியை அவள் எதிரிலேயே குறிக்க வேண்டும்.