லிவிங்ஸ்டன் காலத்தில் பஸ் ஓட்டியவன்

2003 பிப்ரவரி 17, திங்கட்கிழமை. மத்திய லண்டனுக்குள் நுழையும் கார்களுக்கு நாளொன்றுக்கு 5 பவுண்ட் நெரிசல் கட்டணம் தொடங்கிய நாள். அன்று காலை என் பஸ் கட்டண எல்லைக்குள் நுழைந்தபோது எதிரே சாலை காலியாகக் கிடந்தது. பள்ளி விடுமுறை வாரம், அதனால்தான் இப்படி, அடுத்த வாரம் பழையபடி ஆகிவிடும் என்று கராஜில் பேசிக்கொண்டோம். ஆகவில்லை. முதல் ஆண்டில் எல்லைக்குள் வரும் வாகனங்கள் ஏறத்தாழ 18 சதவீதம் குறைந்தன. தாமதம் 30 சதவீதம் குறைந்தது. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருப்பவனுக்கு இதன் பொருள் மிக எளிது. கடைசி நிறுத்தத்தை நேரத்தோடு அடையலாம். கழிப்பறைக்குப் போகவும் ஒரு தேநீர் குடிக்கவும் சில நிமிடங்கள் மிஞ்சும்.

அந்த நிமிடங்களை எனக்குக் கொடுத்தவர் மேயர் கென் லிவிங்ஸ்டன் என்றே நினைத்தேன். 1981இல், நகர நிர்வாகத்தை நடத்திய லண்டன் பெருநகர மன்றத்தின் தலைவராக இருந்தபோதே பஸ், ரயில் கட்டணங்களை மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைத்தவர் அவர். பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் அது செல்லாது என்றார்கள். 1986இல் தாட்சர் அரசு அந்த மன்றத்தையே கலைத்தது. 2000இல் சொந்தக் கட்சியான தொழிற்கட்சியை எதிர்த்துச் சுயேச்சையாக நின்று மேயரானார். பஸ்ஸை ஏழைகளின் வண்டி என்று ஒதுக்காமல் நகரத்தின் முதல் வண்டியாக மதித்த தலைவர் எங்களுக்கு அவர் ஒருவர்தான்.

குறைகளும் எங்களுக்குத் தெரியும். பின்புறம் திறந்த பழைய ரூட்மாஸ்டர் மாடி பஸ்ஸை ஒழிக்க நினைப்பவன் மனிதத்தன்மை இல்லாத மூடன் என்ற பொருளில் பேசியவரின் ஆட்சியிலேயே, 2005 டிசம்பரில் அது வழக்கமான தடங்களிலிருந்து எடுக்கப்பட்டது. அதற்கு முன்பே வந்திருந்த 18 மீட்டர் நீள இணைப்பு பஸ்களை வளைவுகளில் திருப்புவது பெரும் பாடு. மூன்று கதவுகளிலும் ஏறுகிறவர்களில் யார் டிக்கெட் வைத்திருக்கிறார்கள் என்று ஓட்டுநருக்குத் தெரியாது. கராஜில் இதையெல்லாம் உரக்கப் பேசினோம். ஆனாலும் அவர் எங்களுக்கு வேண்டியவராகவே இருந்தார்.

2005 பிப்ரவரியில் ஒரு விருந்து முடிந்து வெளியே வந்த லிவிங்ஸ்டனிடம் மாலைப் பத்திரிகையின் இளம் நிருபர் ஒருவர் கேள்வி கேட்டார். நீ முன்பு ஜெர்மானியப் போர்க் குற்றவாளியாக இருந்தாயா என்றார் மேயர். நான் யூதன், இது என்னைப் புண்படுத்துகிறது என்றார் நிருபர். அதன் பிறகும் நிறுத்தாமல், வதைமுகாம் காவலாளி போல் நடந்துகொள்கிறாய் என்றார் மேயர். மன்னிப்புக் கேட்கச் சொன்னபோது மறுத்துவிட்டார். தம் கோபம் அந்தப் பத்திரிகைக் குழுமத்தின் மேல், அது 1930களில் பாசிஸ்டுகளை ஆதரித்தது என்பது அவர் சொன்ன காரணம். ஆதரித்தது உண்மைதான். ஆனால் அப்போது பிறந்தே இராத ஓர் இளைஞன் அதற்கு எப்படிப் பொறுப்பாவான்?

எங்கள் கராஜ் கண்ட்ரோலர் யூதர். பஸ்களின் இடைவெளியைச் சரிசெய்வதும், பிந்திய பஸ்ஸைப் பாதி வழியில் திருப்புவதும் அவர் வேலை. தடங்களை எனக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அவரே. அந்த வாரம் கேன்டீனில் அவர் எதிரே உட்கார்ந்து, வாய் கொஞ்சம் நீளம்தான், ஆனால் செய்த வேலையைப் பார்க்க வேண்டாமா என்றேன். அவர் பதில் இன்றும் என் காதில் இருக்கிறது: "ஒரு பயணி உன்னிடம் இப்படிப் பேசினால் நீ புகார் எழுதிக் கொடுப்பாய். நானே வாங்கி வைப்பேன். இதை நான் யாரிடம் எழுதிக் கொடுப்பது?"

எனக்குப் பதில் இல்லை. எங்கள் வேலையில் விபத்தில்லாமல் ஓட்டிய ஆண்டுகளும் பயணிகளின் புகார்களும் ஒரே கோப்பில்தான் இருக்கும். பத்து ஆண்டு ஒழுங்காக ஓட்டினான், ஆகவே கிழவியைத் திட்டியது கணக்கில் இல்லை என்று எந்த மேலாளரும் சொன்னதில்லை. அது தெரிந்திருந்தும் மேயருக்கு மட்டும் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்துவிட்டேன். கழித்தது எனக்கு வந்த வலியை அல்ல, கண்ட்ரோலருக்கு வந்த வலியை.

அதே ஆண்டு ஜூலை 7. மூன்று சுரங்க ரயில்களிலும், டாவிஸ்டாக் சதுக்கத்தில் 30ஆம் எண் பஸ்ஸிலும் குண்டுகள் வெடித்தன. 52 பேர் இறந்தார்கள். பஸ்ஸில் மட்டும் 13 பேர். பஸ்ஸின் வானொலிக் கருவியில் எங்களை ஒவ்வொருவராக அழைத்து நிறுத்தியது அந்தக் கண்ட்ரோலர்தான். ஒலிம்பிக் போட்டியை லண்டனுக்குப் பெற சிங்கப்பூர் போயிருந்த லிவிங்ஸ்டன் அங்கிருந்து பேசியதைக் கேன்டீன் தொலைக்காட்சியில் பார்த்தோம். இந்தத் தாக்குதல் அதிகாரம் படைத்தவர்கள் மேல் அல்ல, சாதாரண உழைக்கும் லண்டன்வாசிகள் மேல் என்றார். கறுப்பர், வெள்ளையர், முஸ்லிம், கிறிஸ்தவர், இந்து, யூதர் என்று சொன்னார். கண்ட்ரோலர் நின்றுகொண்டே முழுவதையும் கேட்டார். "நன்றாகப் பேசினார்" என்றார். பிப்ரவரியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆனால் அவர் அதை மன்னித்துவிடவில்லை, மறுநாளும் கேட்டுப் பார்த்தேன்.

லிவிங்ஸ்டன் 2008இல் தோற்றார். அதற்குள் சாலைப் பணிகளால் தாமதமும் பழைய நிலைக்கே திரும்பியிருந்தது. 2016 ஏப்ரலில், யூதர்களுக்குத் தனி நாடு வேண்டும் என்ற சியோனிசத்தை ஹிட்லர் தொடக்கத்தில் ஆதரித்தார் என்று அவர் வானொலியில் சொல்ல, தொழிற்கட்சி அவரை இடைநீக்கம் செய்தது. அன்று மாலை, ஓய்வு பெற்றிருந்த கண்ட்ரோலருக்குத் தொலைபேசியில் பேசினேன். பதினொரு ஆண்டுகளுக்கு முன் கேன்டீனில் நான் சொன்னது தவறு, அப்போதே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும் என்றேன்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, மனைவியை வாரம் இருமுறை மருத்துவமனைக்கு அழைத்துப் போவதாகச் சொன்னார். எங்கள் பழைய தடத்து பஸ்ஸில்தான் போகிறார்களாம். ஆறு நிமிடத்துக்கு ஒன்று வருகிறது, அது அந்த மனிதர் செய்தது, அதையும் நான் சொல்லத்தான் வேண்டும் என்றார்.