அழகர்கோவில் சாலை இல்லமும் என் தயக்கமும்

அழகர்கோவில் சாலையிலுள்ள மூத்தோர் இல்லத்திற்குக் குடிபெயர்வதா என்ற முடிவை மகன் என்னிடமே விட்டுவிட்டான். கழிப்பறையில் கைப்பிடிக் கம்பி, தலைமாட்டில் அழைப்பு மணி, உப்புக் குறைத்த சாப்பாடு எல்லாம் சரிதான். ஆனால் இரவில் மணியை அழுத்தினால் வருபவர் செவிலியரா, காவலாளியா என்று கேட்டபோது மேலாளர் பேச்சை மாற்றியது எனக்கு உறுத்தியது. படுத்த படுக்கையானால் வைத்துக்கொள்வார்களா என்பதையும் எழுத்தில் கேட்டிருக்கிறேன்.

செல்லூர் வீட்டை மகன் பெயருக்கு எழுதுவதானால், என் அடிப்படைத் தேவைகளை அவன் கவனிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேர்க்கச் சொன்னார் வழக்கறிஞர். அது மீறப்பட்டால் 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி தீர்ப்பாயம் அப்பத்திரத்தைச் செல்லாததாக்கலாம். (மகன் முகம் சற்று வாடியது, வாடட்டும்.) சித்திரைத் திருவிழாவுக்கு முன் நான் கிளம்புவதாக இல்லை, இல்லத்தாரின் பதில் வந்தால் வைகாசியில் ஒரு மாதம் தங்கிப் பார்ப்பேன்.