சுளகில் கிடந்த சொத்தை இலை

முக்கூடல், ஆலங்குளம் பக்கத்துக் கிராமங்களில் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்குப் பயிற்சி அளிக்கும் வேலையில் சேர்ந்த புதிதில், ஒவ்வொரு கூட்டத்தையும் 'என்னால் முடியும்' என்று மூன்று முறை சொல்லவைத்தே தொடங்குவேன். அது வீண்போகவில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். வங்கிக்குள் நுழையத் தயங்கி, மேலாளரிடம் பேச மகனை அனுப்பிக்கொண்டிருந்த ஒரு பெண், நாலைந்து கூட்டங்களுக்குப் பிறகு தானே உள்ளே போய், கடன் விண்ணப்பம் ஏன் இரண்டு மாதமாக நிற்கிறது என்று கேட்டுவிட்டு வந்தார். அன்று பதில் கிடைக்கவில்லை. ஆனால் அதன்பின் அவர் யாரையும் துணைக்கு அழைக்கவில்லை.

ஒரு நாள், மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றியபடியே கேட்டுக்கொண்டிருந்த ஓர் அக்கா, நனைத்த கட்டிலிருந்து ஓர் இலையை உருவி என் கையில் கொடுத்தார். ஓட்டை விழுந்து, நரம்பு தடித்து, கத்தரி வைத்தால் ஒரு பீடிக்கும் தேறாத இலை.

"நெனப்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு டீச்சர். இந்த இலையில ஆயிரம் பீடி எப்படித் தேறும்? கொறையுறதுக்கு நாங்கல்லா காசு போட்டு வாங்குதோம்" என்றார்.

பீடிக்கடையில் எடைபோட்டுக் கொடுக்கும் இலை போதாமல் போனாலும், சுற்றிக் கொடுத்த பீடி அங்கே கழிக்கப்பட்டாலும், நட்டம் சுற்றுபவருக்கே என்பது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்திருந்தும், வருமானம் உயராததற்கு அவர்களுடைய மனத்தளர்ச்சியே காரணம் என்பதுபோல அன்றுவரை பேசிவந்திருக்கிறேன். அந்த உறுத்தல் இன்னும் போகவில்லை.

பின்னர், கனடாவின் உளவியலாளர் ஜோஆன் வுட்டும் உடன் பணியாற்றியவர்களும் 2009-இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றிப் படித்தேன். தன்மதிப்புக் குறைந்தவர்கள் 'நான் அன்புக்குரியவள்' என்பது போன்ற வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னபோது அவர்களுடைய மனநிலை மேலும் தாழ்ந்தது. ஏற்கெனவே தன்மதிப்பு மிக்கவர்களுக்கே அது சற்று உதவியது. வாயை மட்டும் அசைத்துவிட்டுத் தலைகுனிந்துகொள்ளும் கடைசி வரிசை முகங்கள் அப்போது என் கண்முன் வந்தன. விரும்பியதைக் கற்பனை செய்வதோடு குறுக்கே நிற்பதையும் சேர்த்து எண்ண வேண்டும் என்று ஜெர்மானிய உளவியலாளர் கேப்ரியேல் ஓட்டிங்கன் வலியுறுத்துவது, அந்த அக்கா இலையைக் காட்டிச் சொன்னதிலிருந்து எனக்கு வேறாகத் தெரியவில்லை.

இப்போது கூட்டத்தின் தொடக்கத்தில், என்ன வேண்டும் என்பதை அடுத்து, எது தடுக்கிறது என்றும் கேட்கிறேன். தேறாத இலையைத் தனியே நிறுத்து எழுதும் நோட்டு அப்படித்தான் உருவானது. அதை எடுத்துக்கொண்டு பத்துப் பேர் சேர்ந்து பீடிக்கடைக்குப் போனார்கள். பாதி இலையை மாற்றிக் கொடுத்தார்கள்; மீதிக்காக வரும் திங்கட்கிழமை மறுபடியும் போகிறார்கள்.